வகுப்பறையில் கிளவுடும் பொது அலமாரியும்: நம்ம வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிஆர்சி (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையம்) கூட்டத்தில் டீ குடிக்கும்போதும், குடியாத்தம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாராவது தெரிந்த டீச்சர் உட்கார்ந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கிறது: "மேடம், அந்த லிங்க் எல்லாம் சேர்த்து வைக்கிறீங்களே, அது எப்படி?" சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் சொன்னபடியே இருக்கின்றன. நான் கணினி ஆசிரியர் இல்லை; உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவள். எடுத்துக்காட்டெல்லாம் கோட்டை, பாலாறு, கத்தரிக்காய் என்று போனால் அதுதான் காரணம்.

கிளவுடு கிளவுடுங்கறாங்க, என் ஃபைல் நிஜமா எங்க இருக்கும் மேடம்?

வேறொருவருடைய கம்ப்யூட்டரில். கூகுள், மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்கள் பெரிய கட்டடங்களில் கணினிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கின்றன. உங்கள் கேள்வித்தாள் அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் போன் தொலைந்தாலும், பென்டிரைவில் வைரஸ் ஏறினாலும், வேறொரு கணினியில் நுழைந்து அதே ஃபைலை எடுக்க முடிகிறது.

பென்டிரைவில் இருப்பதை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்கலாம். கிளவுடில் இருப்பதை நீங்கள் வீட்டிலிருந்து திருத்தும்போதே, பள்ளியில் இருக்கும் சக ஆசிரியர் அதே பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆனால் வேறொருவர் வீட்டுப் பரணில் நம் பாத்திரத்தை வைப்பது போலத்தான் இது. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற கேள்வி அதனாலேயே வருகிறது. அது பின்னால்.

சோஷியல் புக்மார்க்கிங்னா என்ன? குரோம்ல நட்சத்திரத்தை அழுத்துறதுதானே?

நட்சத்திரத்தை அழுத்தினால் அந்த முகவரி உங்களுக்கு மட்டும் சேரும். அதையே நாலு பேர் சேர்ந்து ஒரே இடத்தில் வைத்து, எதற்காக வைத்தோம் என்று ஒரு வரி எழுதி, தேடினால் கிடைக்கும்படி குறிச்சொல்லும் ஒட்டினால், அதுதான் நீங்கள் கேட்ட பெரிய பெயர். வகுப்பில் நான் அதைப் 'பொது அலமாரி' என்றுதான் சொல்கிறேன்.

2003-ல் வந்த டெலிஷியஸ் என்ற தளம்தான் இதைப் பிரபலமாக்கியது. 2006-ல் வந்த டீகோவில் இன்னும் ஒரு படி மேலே போய், படிக்கும் பக்கத்திலேயே மஞ்சள் கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பு ஒட்டி, அதைக் குழுவோடு பகிரலாம் என்று ஆனது. பாடப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போடுகிறோமே, அதே வேலைதான்.

வாட்ஸப் குரூப்ல லிங்க் போட்டா போதாதா? எதுக்கு இத்தனை பாடு?

போடுங்கள். பதினைந்து நாள் கழித்து அதைத் தேடிப் பாருங்கள். ரோஜாப்பூ 'குட் மார்னிங்', யாருக்கோ பிறந்தநாள் கேக், எமிஸ் (துறையின் மாணவர் விவரத் தளம்) நினைவூட்டல் நாற்பது, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். கிடைத்தாலும் அதை ஏன் போட்டார்கள் என்று போட்டவருக்கே நினைவிருக்காது.

லிங்க்கை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். 'இதை ஏன் வைத்தேன்' என்று பக்கத்தில் ஒரு பிள்ளை எழுதும் வரியைப் பார்த்தால்தான் அவன் படித்தானா, தலைப்பைப் பார்த்துவிட்டு ஓடினானா என்று தெரியும். இந்தப் பக்கம் முழுக்க நான் அந்த ஒரு வரியைத்தான் சுற்றிச் சுற்றி வருவேன். கருவி எதுவானாலும் அந்த வரிக்கு இடம் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் அதற்கு இடம் இல்லை.

எந்த ஆப்ல ஆரம்பிக்கிறது? பத்து பேர் பத்து பேர் சொல்றாங்க.

கூகுள் ஷீட்டில். ஆமாம், சாதாரண அட்டவணைதான். முகவரி, தலைப்பு, ஏன் வைத்தேன், குறிச்சொல், அந்தப் பக்கம் எழுதப்பட்ட தேதி, ரோல் நம்பர் என்று ஆறு பத்தி போட்டால் அலமாரி தயார். ஃபில்டர் போட்டால் வேண்டிய குறிச்சொல் மட்டும் மேலே வரும். புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய சௌகரியம். மார்க் லிஸ்ட் போடத் தெரிந்த ஆசிரியர் எல்லோருக்கும் இது வரும்.

உங்கள் சொந்தச் சேமிப்புக்கு ரெயின்டிராப் என்ற புக்மார்க் செயலி நன்றாக இருக்கிறது. கட்டணம் இல்லாமலேயே எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். லிங்க், படம் ஒட்டும் இணையப் பலகையான பேட்லெட் பார்க்க அழகு, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் இலவசக் கணக்கில் சில பலகைகளோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு பருவம் ஷீட்டில் ஓட்டிவிட்டு அப்புறம் இவற்றுக்குப் போங்கள் என்பது என் யோசனை. மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்து மூன்றையும் விட்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருத்தி.

எங்க பசங்ககிட்ட போனே இல்ல. இருக்கிறவனுக்கும் அப்பா ராத்திரி வந்தாதான் போன். எப்படி நடத்துறது?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. காலையில் தோல் கம்பெனிக்குப் போகும் அப்பாவோடு போனும் போய்விடுகிறது. அதனால் பாதி வேலையைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைடெக் லேப்பில் கிடைக்கும் ஒரு பீரியடில் நாலு நாலு பேராகப் பக்கங்களைப் படிக்கட்டும். 'ஏன் வைத்தேன்' என்ற வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதட்டும். எழுதிய சீட்டைப் பக்கத்துக் குழு படித்து, 'இதுல ஒண்ணும் புரியல' என்று திருப்பிக் கொடுக்கட்டும். சரியான பிறகு வாரம் ஒரு குழு அலமாரியில் ஏற்றும் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் போன் கிடைக்கும் பிள்ளைகளுக்குக் கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து, அதே ஆறு கேள்வியை வையுங்கள். அவர்கள் நிரப்புவது தானாகவே ஒரு ஷீட்டில் போய் விழும். ஃபார்ம் அமைப்பில் மின்னஞ்சல் கேட்பதையும், 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதையும் அணைத்துவிட்டால் கூகுள் கணக்கு இல்லாமலேயே நிரப்பலாம். படம் ஏற்றச் சொல்லும் கேள்வி ஒன்று வைத்தீர்களானால் மட்டும் கணக்கு கேட்கும். முதல் தடவை அதை வைத்துவிட்டு, ஒரு பையன்கூட அனுப்பவில்லையே என்று மூன்று நாள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பசங்களுக்கு ஜிமெயில் ஐடி ஓப்பன் பண்ணித் தரலாமா? வயசைக் கூட்டிப் போட்டா ஆகும்தானே?

கூட்டிப் போடாதீர்கள். இந்தியாவில் தனியாகக் கூகுள் கணக்கு வைக்க 13 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்து உருவாக்கி மேற்பார்க்கும் வழி இருக்கிறது. பள்ளிக்கென்று கல்விக் கணக்கு வாங்கியிருந்தால் அதன் நிர்வாகியே பிள்ளைகளுக்கு ஐடி கொடுக்கலாம்; அதன் அடிப்படைப் பதிப்புக்குக் கட்டணம் இல்லை.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது நல்ல பழக்கம். அலமாரியைப் பார்ப்பதற்கோ, முந்தைய பதிலில் சொன்ன ஃபார்மை நிரப்புவதற்கோ கணக்கே வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை அப்படியே ஓட்டிவிடலாம்.

நாப்பது பேருக்கும் எடிட் குடுத்தேன். அஞ்சு நிமிஷத்துல மொத்தமும் காலி. இப்ப என்ன பண்றது?

முதலில் தண்ணீர் குடியுங்கள். கணினியில் திறந்து, ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போங்கள். அழிவதற்கு முன்பிருந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்து, மீட்டெடு என்று அழுத்தினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். கணக்கில் நுழைந்து வந்த பிள்ளை என்றால் யார் அழித்தது என்பதும் தெரியும். நுழையாமல் லிங்க் வழியாக வந்தவர்கள் மேலே ஏதாவது விலங்கின் பெயரில் தெரிவார்கள். 'மிஸ், நான் எந்த மிருகம்?' என்று அதிலேயே ஒரு பீரியட் போய்விடும்; யார் என்ன செய்தார் என்பது மட்டும் பிடிபடாது.

அடுத்த முறை எல்லோருக்கும் எடிட் கொடுக்காதீர்கள். பார்க்க மட்டும், கருத்து எழுத மட்டும், திருத்த என்று மூன்று படி இருக்கிறது. வகுப்புக்குப் பார்க்கும் உரிமை, அந்த வாரப் பொறுப்புக் குழுவுக்குத் திருத்தும் உரிமை. ஷீட்டில் தலைப்பு வரிசையையும் பழைய பதிவுகளையும் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு.

பார்க்க மட்டும்னு குடுத்தா எழுத முடியலங்கறாங்க. ஆளுக்கு ஒரு காப்பி எப்படி தர்றது?

லிங்க்கின் கடைசியில் 'எடிட்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கும். அதையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அழித்துவிட்டு 'காப்பி' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து அனுப்புங்கள். திறப்பவருக்கு 'நகல் எடுக்கவா?' என்ற கேள்விதான் வரும், உங்கள் மூலம் அப்படியே இருக்கும். கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான் இது நடக்கும். கூகுள் கிளாஸ்ரூம் பயன்படுத்துபவர்கள் ஒப்படைப்பு போடும்போதே 'ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நகல்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வீட்ல அடிச்ச கொஸ்டின் பேப்பரை டிரைவ்ல ஏத்தினா தமிழ் எழுத்தெல்லாம் இங்கிலீஷா, அரைப்புள்ளியா வருது. டிரைவ் கெட்டுப்போச்சா?

டிரைவ் நன்றாக இருக்கிறது. நீங்கள் பாமினியிலோ வானவில்லிலோ அடித்திருப்பீர்கள். அந்தப் பழைய எழுத்துருக்களில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான்; மேலே தமிழ் முகமூடி மாட்டியிருக்கும். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருக்கிறது, முகமூடி தெரிகிறது. கிளவுடில் அது இல்லை, அதனால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்துவிடுகிறது.

எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகளில் பழைய எழுத்தை ஒட்டி, எந்த எழுத்துரு என்று சொன்னால் மாற்றித் தரும். 'ஸ்ரீ', மேற்கோள் குறி போன்ற இடங்களில் பிசகும், ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்னும் பாமினியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழக்கதோஷம்தான். அலமாரிக்கு இது ரொம்ப முக்கியம்: பாமினியில் எழுதிய 'பாலாறு'வைத் தேடல் பெட்டியில் எத்தனை முறை தேடினாலும் வராது. விசைப்பலகை வராதவர்கள் போனில் தமிழில் பேசியே எழுதலாம். தட்டச்சு பழகிய விரல்களை மாற்றுவது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

குறிச்சொல் தமிழ்ல வைக்கிறதா, இங்கிலீஷ்லயா? ஆளாளுக்கு ஒண்ணு வைக்கிறாங்களே?

தமிழில் வையுங்கள், ஆனால் பட்டியலை முதலிலேயே ஒட்டிவிடுங்கள். கட்டுப்பாடு இல்லாமல் விட்டபோது எங்கள் அலமாரியில் 'வேலூர் கோட்டை', 'வேலூர்க்கோட்டை', 'கோட்டை', 'நம்ம கோட்டை' என்று நாலு பெட்டி முளைத்தது. இப்போது வகுப்புச் சுவரில் இருபது குறிச்சொல் எழுதிய சார்ட் ஒன்று தொங்குகிறது. புதிதாக ஒன்று வேண்டும் என்றால் வகுப்பில் எழுந்து வாதாடி வாங்க வேண்டும். இரண்டு சொல் வந்தால் நடுவில் சிறுகோடு போடுங்கள். பல கருவிகள் இடைவெளியைக் கண்டால் இரண்டு குறிச்சொல்லாகப் பிரித்துவிடும்.

நம் ஊருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1989-ல் பிரிக்கும் வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். பிறகு இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019-ல் அதிலிருந்தும் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. வாணியம்பாடியைப் பற்றிய பழைய பக்கம் 'வட ஆர்க்காடு' என்று சொல்லும், நடுவில் வந்தது 'வேலூர்' என்று சொல்லும், இன்றையது 'திருப்பத்தூர்' என்று சொல்லும். ஆற்காடு என்பதா ஆர்க்காடு என்பதா என்ற சண்டை தனி. நாங்கள் இன்றைய மாவட்டத்தின் பெயரைக் குறிச்சொல்லாக வைத்து, பக்கத்தில் இருக்கும் பழைய பெயரை 'ஏன் வைத்தேன்' வரியில் எழுதிவிடுகிறோம். இதை முடிவு செய்த அந்த நாற்பது நிமிடத்தில் மாவட்டப் பிரிவினைப் பாடம் தானாக முடிந்துவிட்டது.

பசங்க எல்லா லிங்க்குக்கும் 'நல்ல தகவல் உள்ளது'ன்னே எழுதுறாங்க. என்ன செய்ய?

எழுதத்தான் செய்வார்கள். நாமே வாட்ஸப்பில் 'அருமையான பதிவு' என்றுதானே எழுதுகிறோம். நான் வைத்திருக்கும் விதி: அந்த வரியில் பக்கத்தைத் திறக்காமல் எழுத முடியாத ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு பெயர், ஒரு ஆண்டு, ஒரு எண், அல்லது ஒரு சந்தேகம்.

பாலாறு பாடத்தில் ஒரு பெண் முதலில் எழுதியது: 'பாலாறு மாசு பற்றி நல்ல தகவல்.' திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறை வந்தது: 'தோல் ஆலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அழுக்காக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் தெருக் கிணறு இதில் சேருமா என்று தெரியவில்லை.' கடைசி வாக்கியத்துக்காகவே அவளுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தேன். முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில்தான் அவள் படித்திருக்கிறாள்.

ஒரு பாடத்தை முழுசா இப்படி நடத்தினதைச் சொல்லுங்களேன். கேட்க நல்லாத்தான் இருக்கு, நடக்குமா?

வேலூர்ப் புரட்சியைச் சொல்கிறேன். 1806 ஜூலை 10 விடியற்காலை கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவு, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம், ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றே அடக்கியது, இதெல்லாம் பாடநூலில் இருக்கிறது. ஐந்து குழுவுக்கு ஐந்து கேள்வி கொடுத்து, ஆளுக்கு மூன்று பக்கம் அலமாரியில் வைக்கச் சொன்னேன்.

இரண்டாம் நாளே சண்டை வந்தது. இறந்த ஆங்கிலேயர் நூற்று முப்பது வாக்கில் என்று ஒரு குழு, இருநூறு என்று இன்னொரு குழு. இரண்டு லிங்க்கையும் திரையில் திறந்து வரிவரியாகப் படித்தோம். முதல் பக்கம் இறந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தது. இரண்டாவது, இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் சேர்த்துச் சொல்லியிருந்தது. சிப்பாய்கள் பக்கத்தில் இறந்தவர்களுக்கு 350 என்றும் 800 என்றும் இருந்தது. அதற்கு அப்படி எளிய விடை கிடைக்கவில்லை. 'எண்ணிக்கை-வேறுபாடு' என்ற குறிச்சொல் அன்று பிறந்தது. இப்போது எல்லாப் பாடத்துக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஆங்கிலப் பக்கங்களைச் சேர்த்த குழு 'கலகம்' என்று குறிச்சொல் வைத்தது, பாடநூலை வைத்துப் போன குழு 'புரட்சி' என்றது. ஒரே பெட்டியில் போட வேண்டும், எந்தப் பெயர்? ஒரு பீரியட் முழுக்க விவாதம். அன்றைய சென்னை கவர்னர் பெண்டிங்க் எழுதினால் என்ன சொல்வார், சிப்பாயின் மனைவி எழுதினால் என்ன சொல்வாள் என்று ஒரு பையன் கேட்டான். நான் பாடம் நடத்தியிருந்தால் அந்தக் கேள்விக்கு வந்திருக்க மாட்டேன். மொத்தம் ஆறு பீரியட் ஆனது, வழக்கத்தைவிட இரண்டு அதிகம். நடக்குமா என்றால் நடக்கும், ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. பருவத்துக்கு ஒன்று போதும்.

பழைய தகவல் இருக்கிற பக்கத்தைச் சேர்க்கலாமா, நீக்கிடலாமா?

தேதிப் பத்தி அதற்காகத்தான். 'ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில்' என்று நம் ஊரைச் சொல்வார்கள் இல்லையா? அதை அப்படியே எடுத்து 'கோட்டைக் கோயிலில் இன்றும் சாமி இல்லை' என்று எழுதிய பக்கம் ஒன்றைப் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்ப வந்துவிட்டார். வாராவாரம் அந்தக் கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் வகுப்பிலேயே இருந்தார்கள்! நீக்கவில்லை. 'பழசு' என்ற குறிச்சொல்லோடு, எது தவறு என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறோம்.

போன வருஷம் சேர்த்த லிங்க் திறந்தா ரம்மி விளம்பரம் வருது. பசங்க முன்னாடி மானம் போச்சு.

எனக்கும் போயிருக்கிறது. தளத்தை நடத்தியவர் முகவரிக்குப் பணம் கட்டாமல் விட்டால் யாரோ அதை வாங்கி விளம்பரம் போட்டுவிடுகிறார்கள். வகுப்புக்கு முந்தின நாள் எல்லா லிங்க்கையும் ஒருமுறை திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. முக்கியமான பக்கங்களை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து, அந்த முகவரியையும் பக்கத்தில் போட்டு வையுங்கள். மூலப் பக்கம் செத்தாலும் நகல் இருக்கும்.

பக்கம் மட்டுமா சாகிறது, அலமாரியே சாகும். மேலே சொன்ன டெலிஷியஸை 2005-ல் யாகூ வாங்கியது, பிறகு கைமாறிக் கைமாறி 2017-ல் புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் நின்றுவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் கட்டுரைகளைச் சேர்த்து வைத்த பாக்கெட்டை மொசில்லா 2025 ஜூலை 8-ல் மூடியது. அதனால் எந்தக் கருவியானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஏற்றுமதி வசதி இருக்கிறதா என்பதைத்தான். பருவத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எக்செல்லாக இறக்கினால் வேலை முடிந்தது.

டிரைவ் ஃபுல்லுன்னு வருது, மெயில்கூட வரமாட்டேங்குது. நான் அவ்வளவு ஒண்ணும் வைக்கலியே?

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி டிரைவுக்கு மட்டும் இல்லை. ஜிமெயில், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸப் பேக்கப்பும் இப்போது அதில்தான் சேர்கிறது. அதாவது மேலே சொன்ன ரோஜாப்பூ எல்லாம் உங்கள் டிரைவில் உட்கார்ந்திருக்கிறது. பேக்கப்பில் வீடியோவை விலக்குங்கள், குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள் (தானாகக் காலியாக 30 நாள் ஆகும்). பாட வீடியோக்களை யூடியூப்பில் 'அன்லிஸ்டட்' (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பது) ஆக ஏற்றி லிங்க்கை மட்டும் அலமாரியில் வைத்தால் இடம் குறையாது.

மலைப் பக்கம் ஸ்கூல் சார் எங்களது. சிக்னலே கிடையாது. எங்களுக்கு இதெல்லாம் கனவா?

பீஞ்சமந்தை பக்கத்திலிருந்து வந்த கேள்வி (என்னை ஏன் சார் என்றார் என்று தெரியவில்லை). டிரைவ் ஆப்பில் ஃபைலை அழுத்திப் பிடித்து 'ஆஃப்லைன்' என்று வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே திறக்கும். அங்கே எழுதியது, நீங்கள் ஒடுகத்தூர் இறங்கி வரும்போது தானாக ஏறிவிடும். பக்கங்களை பிடிஎஃப் ஆக இறக்கி எடுத்துப் போங்கள். கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை நல்ல நெட் கிடைத்தால் போதும். துண்டுச் சீட்டு முறைக்கு சிக்னல் எப்போதுமே தேவைப்பட்டதில்லை.

பசங்க ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரு ஷீட்ல போட்டு லிங்க் குடுத்துட்டா எல்லாருக்கும் ஈசி இல்லையா?

வேண்டாம். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற ஷீட் ஒரு குரூப்பில் விழுந்தால், அங்கிருந்து எத்தனை குரூப்புக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த விவரங்களுக்குத் துறையின் தளம் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். அலமாரியில் பிள்ளையின் பெயருக்குப் பதில் ரோல் நம்பர் போடச் சொன்னதும் இதனால்தான்.

டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு. அலமாரி என் ஐடில இருக்கு. அடுத்து வர்றவங்களுக்கு எப்படி விட்டுட்டுப் போறது?

இருவருக்கும் சாதாரண ஜிமெயில் கணக்கு என்றால் பகிரும் இடத்திலேயே உரிமையை மாற்றித் தரலாம். அவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். சொந்தக் கணக்கிலிருந்து பள்ளிக் கணக்குக்கு அப்படி மாற்ற முடியாது. அப்போது அவர்கள் நகல் எடுத்துக்கொள்வதுதான் வழி, நகலில் பழைய திருத்த வரலாறு வராது. ஃபார்மையும் மறக்காதீர்கள், ஷீட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போன ஒருவருக்கு, புதுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போதும் பழைய பள்ளிப் பிள்ளைகளின் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. இன்னொன்று, இரண்டு ஆண்டு யாரும் தொடாத கூகுள் கணக்கை நிறுவனமே நீக்கிவிடலாம். ஓய்வு பெறும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்பதான் ஏஐ வந்துடுச்சே, கேட்டா பத்து லிங்க் குடுத்துடுது. அலமாரி எதுக்கு?

கேட்டுப் பாருங்கள், பிறகு பத்தையும் திறந்து பாருங்கள். சிலது இருக்காது, சிலது வேறு எதையோ சொல்லும். நான் அதையே ஒரு பயிற்சியாக்கிவிட்டேன்: ஏஐ தந்த பட்டியலை அச்செடுத்துக் கொடுத்து, எது உண்மையில் இருக்கிறது, இருப்பது சொன்னதைச் சொல்கிறதா என்று பிள்ளைகள் குறிக்க வேண்டும். 'ஏன் வைத்தேன்' வரியையும் அதனிடமே எழுதி வாங்கி வருகிறார்களே என்றால், ஆமாம், வருகிறார்கள். அதற்குத்தான் துண்டுச் சீட்டும் பக்கத்துக் குழுவும். 'உங்கள் தெருக் கிணறு' பற்றி அது எழுதித் தராது.

மேடம், உங்க அலமாரியவே எங்களுக்குக் குடுத்துடுங்களேன், எதுக்கு நாங்க முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்?

தாராளமாக. நகல் எடுக்கும் லிங்க்காக, ரோல் நம்பர் பத்தியை நீக்கிவிட்டு அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் முதல் வாரம் வெறும் ஷீட்டைக் காட்டுங்கள், என் நூற்றுச் சொச்சம் வரிகளைப் பிறகு திறக்கலாம். நிரம்பிய அலமாரியைப் பார்த்தால் அப்படியே பார்த்து எழுதுவார்கள்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறிச்சொல்லில் எங்களிடம் இருப்பது எல்லாம் செய்திப் பக்கங்கள்தான். அதைப் பயிரிடுகிறவர் பேசியதாக ஒன்றுகூட இல்லை. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது, வீட்டில் கத்தரித் தோட்டம் இருக்கும் ஒரு பிள்ளையிடம் போனைக் கொடுத்து, தாத்தாவை ஐந்து நிமிடம் பேச வைத்துப் பதிவுசெய்து அனுப்புங்கள். தாத்தாவிடம் கேட்டுவிட்டு.